கட்டபொம்மன் கைபட்ட கத்தி

ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்குபவர். கொய்யாப்பழம் நறுக்கச் சொன்னால் விரலைக் கீறிக்கொள்பவர். ஆனால் அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் மூன்று வாள், இரண்டு கட்டாரி, ஒரு கேடயம், முனை மழுங்கிய ஈட்டி ஒன்று தொங்கும். புதிதாக யார் வந்தாலும் காப்பி வருவதற்குள் முதல் வாள் சுவரிலிருந்து இறங்கிவிடும். டம்ளரை வைக்க வரும் அவர் மனைவி வாள்முனையைப் புறங்கையால் ஒதுக்கிவிட்டு, "சர்க்கரை போதுமா பாருங்க" என்பார். அத்தனை பழக்கம்.

"இது யாரோடது தெரியுமா சார்?" என்று நம் ஆள் ஆரம்பிப்பார். தெரியும் என்று சொன்னாலும் விடமாட்டார்.

அந்தச் சுவரில் உள்ள எதையும் சாதாரணச் சிப்பாய் தூக்கியதில்லை. ஒன்று கட்டபொம்மனுடையது, ஒன்று சின்ன மருதுவுடையது, மூன்றாவது திப்புவுடையது. அவர்கள் படையில் இருந்த ஆயிரக்கணக்கான பேர் வெறுங்கையோடு சண்டை போட்டார்கள் போலிருக்கிறது. ஆதாரம் கேட்டால், "வித்தவர் சொன்னார்" என்பார். விற்றவருக்கு யார் சொன்னது? "அவருக்கு வித்தவர்."

இத்தனைக்கும் விவரம் தெரியாதவர் இல்லை, நிறையப் படிப்பார். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி சர்க்கார் கோட்டைகளை இடித்து, மக்களிடமிருந்த ஆயுதங்களையும் பிடுங்கிக்கொண்டது என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார். தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று, பிறகு அவரை எதிர்த்தே போருக்கு வந்த வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி தன் நினைவுக் குறிப்பில் எழுதியதையும் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அப்படி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனபிறகு இவர் வீட்டுக்கு மட்டும் மூன்று வாள் எப்படித் தப்பி வந்தது என்று கேட்டால், தழுதழுப்பு நின்று விடும்.

கைப்பிடி விஷயம் அதைவிடச் சுவாரசியம். "அந்தக் காலத்து ஆளுங்க ஏழடி உயரம் சார். ஒரு வேளைக்கு ஒரு மரக்கா சோறு" என்று சொல்லிக்கொண்டே வாளை உங்கள் கையில் கொடுப்பார். கைப்பிடிக்குள் உங்கள் மூன்று விரல்தான் போகும். இந்திய வாள்களில் பலவற்றுக்குக் கைப்பிடி அப்படித்தான் சிறியதாக இருக்கும். அடியில் இருக்கும் வட்டத் தட்டு வேறு மணிக்கட்டில் இடிக்கும். ஏழடி ஆள் இதை எப்படிப் பிடித்தான்? "அது வேற டெக்னிக்" என்பதோடு அந்தப் பேச்சு முடியும்.

ஒருநாள் பூதக்கண்ணாடியும் டார்ச்சுமாக உட்கார்ந்திருந்தார். கட்டபொம்மன் வாளின் அலகில், பிடிக்குப் பக்கத்தில், ஓடும் ஓநாய் போல ஒரு கீறல் சின்னம். அது ஜெர்மனியில் பாசாவ், சோலிங்கன் பட்டறைக்காரர்கள் போட்ட அடையாளம். ஐரோப்பிய அலகுகள் கப்பல் கப்பலாக இங்கே வந்து இறங்கியதும், நம் கொல்லர்கள் அவற்றுக்கு நம்மூர்ப் பிடியைப் பொருத்தியதும் வரலாறு. தஞ்சாவூர்க் கட்டாரிகள் பலவற்றிலேயே வெட்டிய பரங்கி அலகுதான் இருக்கிறது. மேல்நாட்டுச் சரக்கில் நம்மவர்கள் செய்த யாளி வேலைப்பாடு என்று அதைக் கொண்டாடி வாங்குகிறார்கள். நம் ஆள் கொண்டாடவில்லை. வாளைத் திருப்பி, ஓநாய் சுவரைப் பார்க்கும்படி மாட்டிவிட்டார்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் இவரைப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூணும் கதவும் பீங்கான் ஜாடியும் குவிந்திருக்கும் கடைகளில், இவர் மட்டும் மூலையில் கிடக்கும் துருப்பிடித்த இரும்பைக் கிளறிக்கொண்டிருப்பார்.

"ஜமீன் வீட்டுச் சரக்கு சார். உங்களுக்காகத்தான் எடுத்து வச்சேன்."

"எந்த ஜமீன்?"

"நீங்களே சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

இந்த ஒரு பதிலில் விலை இரண்டு மடங்காகிவிடுகிறது. உலகத்திலேயே தான் வாங்கும் பொருளுக்குத் தானே வரலாறு சொல்லி, அதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பவர் இவராகத்தான் இருக்கும். தெருவில் "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று குரல் கேட்டால் மற்றவர்கள் ஓட்டைச் சட்டியை எடுத்துக்கொண்டு வருவார்கள். இவர் மணிபர்ஸை எடுத்துக்கொண்டு போவார்.

துருவில் அவர் நிபுணர், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். புதிதாகச் செய்த கத்தியை அமிலத்தில் நனைத்து, மண்ணில் புதைத்து எடுத்தால் வரும் துரு செம்மஞ்சளாக, விரலில் ஒட்டும். நூறு இருநூறு வருடத்துத் துரு வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில், இரும்போடு இரும்பாகப் படிந்திருக்கும். பிடி பொருத்திய இடத்தில் மின்சார வெல்டிங் தழும்பு தெரிந்தால் பேசாமல் நடையைக் கட்டலாம். பிடிக்குள் அரக்குப் போட்டு அலகை இறுக்கியிருந்தால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அலகில் நீரோட்டம் போலக் கோடுகள் தெரிந்தால் அது நம் பக்கத்து மூசையில் உருக்கிய எஃகு. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் உட்கார்ந்து ஆராய்ந்தது இதைத்தான். அந்தக் கோடுதான் விலை. தேய்த்தால் அது மறைந்துவிடும்.

சின்ன மருது வாளில் அந்தக் கோடு மங்கலாக இருந்தது. ஓர் ஆயுத பூஜைக்கு முதல் நாள், வீட்டு வேலைக்கு வரும் அம்மா நல்ல மனசோடு அதைப் புளியும் பாத்திரப்பொடியும் போட்டுப் பளபளவென்று துலக்கி, பொட்டும் வைத்துவிட்டார். நம் ஆள் அன்று சாப்பிடவில்லை. "ஐயா, இன்னும் ரெண்டு மேல இருக்கு, அதையும் எறக்கித் தாங்க" என்றாராம் அந்த அம்மா.

2023 மே மாதம் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் லண்டனில் போனாம்ஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. செய்தி வந்த அன்று நம் ஆளின் நடையே மாறிவிட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அந்த வாள் தளபதி பேர்டுக்குப் பரிசாகப் போனது, அதற்கான சான்றுகள் உண்டு, தாளுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. செய்தியில் அந்த வரிக்கு அவர் கண் போகவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனைக் கூப்பிட்டு, "திப்பு உனக்குத்தாண்டா" என்றார். 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மகனுக்கு அந்தச் சட்டம் மனப்பாடம். "ஐயையோ, கவர்மென்ட் விடாதுப்பா" என்று அவன் சொன்ன குரலில் அத்தனை நிம்மதி.

இவரை நான் குறை சொல்லமாட்டேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. கூட்டம் ஐம்பொன் சிலைகளைப் பார்க்கப் போகும்போது, கட்டாரிகளின் முன்னால் கண்ணாடியில் மூக்கு உரச நிற்கும் ஒரே ஆள் அவர்தான்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கத்தி ஏதாவது கிடந்தால் தேய்க்காதீர்கள். துணியில் துளி எண்ணெய் விட்டு லேசாகத் துடையுங்கள். யார் வைத்திருந்தது, எந்த ஊர், எப்படி வந்தது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, தேதி போட்டு அதோடு வையுங்கள். நம் ஆளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள். காலையில் தாத்தாவுடையதாக இருந்த கத்தி சாயங்காலத்துக்குள் ஊமைத்துரையுடையதாகிவிடும்.