துப்பாக்கிப் போட்டிக்குக் கணக்குப்பிள்ளை எதற்கு?

ஹூஸ்டன் புறநகர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் குரல் பதிவு வந்தது. “குறி பட்டா ஜெயிச்சான், தப்புனா தோத்தான். இதுல ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து நீ என்னடா கணக்கு எழுதற?” என்று கேட்டிருக்கிறீர்கள். பின்னால் அத்தை, “மொதல்ல அவன் துப்பாக்கி கிப்பாக்கி வாங்கிட்டானான்னு கேளுங்க” என்பதும் காதில் விழுந்தது. அத்தைக்குப் பதில் ஒரே சொல்: வாங்கவில்லை. என் கையில் இருப்பவை ஒரு டேப்லெட்டும், அட்டையில் விழுந்த துளைகளை மூடுகிற பழுப்பு ஒட்டுத்தாள் சுருளும்தான். உங்களுக்குப் பதில் அவ்வளவு சுருக்கமாக வராது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் ஃபமாஸ் ரைபிளைத் தூக்கிவிட்டு, பென்ஷனோடு வில்லியனூர் திண்ணைக்குத் திரும்பிய சொல்தாவிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேச எனக்கு வாய் கிடையாது. கணக்கைப் பற்றிப் பேசலாம். என் கட்சி இது: ஊர் கிளப்பில் நடக்கிற போட்டியில், தோற்றவன் இலக்குக்கு முன்னால் நின்றபடியே தன் தோல்வியைத் தானே கூட்டிப் பார்த்துக்கொள்ள முடிய வேண்டும். அதற்கு வகுத்தல் கணக்கு உதவாது. கூட்டல் போதும்.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆள், ஒரே ஓட்டத்தில், பிஸ்டல், ரைபிள், ஷாட்கன் மூன்றையும் சுடுகிறான். மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய பொட்டல். அதற்குள் அட்டை இலக்குகள், பட்டால் சாய்கிற இரும்புத் தகடுகள், உடைகிற களிமண் தட்டுகள். ஒரு துப்பாக்கியின் வேலை முடிந்ததும் அதைக் காலி செய்தோ பாதுகாப்புப் பூட்டைப் போட்டோ ஒரு பீப்பாயில் செருகிவிட்டு, அடுத்ததை எடுக்க ஓட வேண்டும். இப்படி ஓர் ஓட்டத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். ஒரு நாளில் ஐந்தாறு ஸ்டேஜ் நடக்கும். நம் ஊரில் இதை ஏன் யாரும் நடத்தவில்லை என்று கேட்காதீர்கள். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் சாதாரண உரிமக்காரருக்கு மூன்று துப்பாக்கி வரை அனுமதித்தது. 2019 திருத்தம் அதை இரண்டாக்கிவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், மற்றவர்கள் பாகூர் ஏரிக்கரையில் இந்தப் போட்டியை நடத்தினால் மூன்றாவது துப்பாக்கியை வாயால்தான் சுட வேண்டும்.

அத்தையின் பயத்துக்கு வருகிறேன். இத்தனை துப்பாக்கி ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்தில்லையா? இதற்குக் கிளப்புக்காரர்கள் வைத்திருக்கிற விதியைக் கேட்டால் அத்தை சிரித்துவிடுவார். துப்பாக்கிப் போட்டிக்கு வந்தவன் துப்பாக்கியைத் தொடக் கூடாது. பிஸ்டல் உறையிலேயே காலியாகக் கிடக்க வேண்டும். நீளத் துப்பாக்கிகளின் தோட்டா அறையில் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் செருகி, உள்ளே ஒன்றுமில்லை என்று ஊருக்கே காட்ட வேண்டும். பிஸ்டலைத் தொட்டுத் துடைக்க ஆசையா? ஓரமாகப் ‘பாதுகாப்பு மேசை’ ஒன்று இருக்கிறது. அங்கே போய் எடுக்கலாம், துடைக்கலாம், வெறுமனே விசையை இழுத்தும் பார்க்கலாம். ஆனால் அந்த மேசையில் தோட்டாவைத் தொடக் கூடாது. வெடிக்காத பொம்மைத் தோட்டாவையும் கூடாது. மேசையை விட்டு நகர்ந்ததும் சட்டம் தலைகீழாகிறது. தோட்டாவை எவ்வளவு வேண்டுமானாலும் எண்ணலாம், அடுக்கலாம், பையில் போட்டுக் குலுக்கலாம். துப்பாக்கியை மட்டும் தொடக் கூடாது. ஆடி மாசத்துப் புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் பிரித்து வைப்பதுபோல் இரண்டையும் நாள் முழுக்கப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ரேஞ்ச் ஆபீசர் என்கிற பெரியவர் பக்கத்தில் நின்று “மேக் ரெடி” என்று சொன்ன பிறகுதான் சேர்த்து வைப்பது. அதுவும் சில நிமிஷத்துக்கு. முடிந்ததும் காலி செய்து காட்டி, அவர் எட்டிப் பார்த்து, மறுபடி உறைக்குள். மேசைப் பக்கம் போகிறவன் சட்டைப் பையில் மறந்துபோன ஒரு தோட்டா இருக்குமோ என்று தடவிப் பார்த்துக்கொண்டே போகிற நடையைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். சுடும்போது துப்பாக்கி வாய் பக்கவாட்டைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால், கைதவறிக் கீழே விழுந்தால், வேண்டாத நேரத்தில் வெடித்தால், அன்றைய ஆட்டம் அதோடு சரி. மூட்டையைக் கட்டிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த விதிகளைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் இவற்றின் பலம் ஒன்று உண்டு. மீறினானா இல்லையா என்பது நின்று பார்க்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. அதைக் கண்டுபிடிக்க யாரும் காகிதம் பேனா தேடுவதில்லை. மதிப்பெண்ணும் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இனி உங்கள் ஆட்சேபம். குறிதானே முக்கியம், கடிகாரம் எதற்கு? குறி மட்டுமே போதும் என்கிற ஆட்டமும் உலகத்தில் இருக்கிறது. பாகூருக்குப் பக்கத்தில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒலிம்பிக்கில் ஆடினாரே, அந்தப் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி ஆட்டத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். 75 நிமிஷத்தில் 60 முறை சுட வேண்டும், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10.9. அந்தத் தசமப் புள்ளிக்கடுத்த ஒன்பதை மனிதக் கண்ணால் பிரிக்க முடியாது, மின்னணு இலக்கே அளந்து சொல்லிவிடுகிறது. ஆள் அசைவதில்லை, இலக்கு அசைவதில்லை, தூரம் மாறுவதில்லை. அதனால் குறியை மட்டும் அளந்தாலே ஆட்டம் முழுமையாகிவிடுகிறது. இங்கே ஆள் ஓடுகிறான். ஒரு இலக்கு ஏழு மீட்டரில் இருக்கும், அடுத்தது நூறு மீட்டரில். ஒன்று அட்டை, ஒன்று இரும்பு. நேரத்தை விட்டுவிட்டால், வெயில் தாழட்டும் என்று நிதானமாக நடந்து எல்லாவற்றையும் நடுவில் அடிப்பவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், பத்துப் பேரும் முதலிடம். 1976இல் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியாவில் கூடி ஐப்ஸிக் என்கிற உலக அமைப்பைத் தொடங்கியவர்கள், துல்லியம், விசை, வேகம் என்று மூன்று லத்தீன் சொற்களைக் கொள்கையாக வைத்துக்கொண்டது இதனால்தான். பட்டாளத்தில் உங்களுக்கும் கடிகாரம் இருந்திருக்கும் மாமா, அதைச் சார்ஜென்ட் தன் வாயில் வைத்திருந்திருப்பார்.

குறியையும் நேரத்தையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் சண்டை. ஐப்ஸிக் வழி வகுத்தல்: வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகு. பன்னிரண்டு அட்டை, அட்டைக்கு இரண்டு துளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானக்காரன் 24 துளையையும் ஐந்து புள்ளிக் கட்டத்திலேயே போட்டு, 120 புள்ளியை 24 வினாடியில் எடுக்கிறான். வகுத்தால் 5. அவசரக்காரன் பதினெட்டை நடுவிலும் ஆறை மூன்று புள்ளிக் கட்டத்திலும் போட்டு, 108 புள்ளியை 20 வினாடியில் எடுக்கிறான். வகுத்தால் 5.4. அவன் ஜெயித்தான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு தோட்டா தப்பினால் என்ன நஷ்டம் என்று கேளுங்கள். வரவேண்டிய 5 போயிற்று, தண்டனை 10, ஆக 15 புள்ளி. அது எத்தனை வினாடிக்குச் சமம்? வினாடிக்கு 5 புள்ளி ஓடுகிற ஸ்டேஜில் மூன்று வினாடி. 10 ஓடுகிற ஸ்டேஜில் ஒன்றரை. ஒரே தப்புக்கு இடத்துக்கு இடம் வேறு விலை. போதாததற்கு, மூன்று புள்ளிக் கட்டத்தின் அதே துளைக்கு, தோட்டா கனமும் வேகமும் கூடியதாக இருந்தால் நான்கு புள்ளி. சுட்டு முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவன் தான் எந்த இடம் என்று தெரியாமல் டேப்லெட் வைத்திருப்பவன் முகத்தைப் பார்க்கிறான். டேப்லெட் வைத்திருப்பவனுக்கும் தெரியாது.

மூன்று துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது கூட்டல் வழி. பல கிளப்புகளில், அட்டையில் நடுக்கட்டத்தில் ஒரு துளை அல்லது எங்காவது இரண்டு துளை இருந்தால் அந்த இலக்கு முடிந்தது. இல்லாவிட்டால் வினாடியைக் கூட்டு. தண்டனை கிளப்புக்குக் கிளப் மாறும், ஐந்து என்று வைத்துக்கொள்வோம். 24 வினாடியில் முடித்து ஓர் இலக்கைக் கோட்டைவிட்டவனுக்கு 29. அதைச் சொல்ல நான் தேவையில்லை. இரும்பு விழுந்ததா, களிமண் உடைந்ததா என்பதற்கு ஒருவருமே தேவையில்லை.

இதை எதிர்ப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. தண்டனை நிலையாக இருந்தால் சுடுகிறவன் அதை விலையாக நினைத்து வாங்கிவிடுவான் என்கிறார்கள். தூரத்து இலக்கைத் தேடி அடிக்கப் பதினைந்து வினாடி ஆகும், தண்டனையோ பத்து என்றால், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடலாமே. உண்மைதான். அதனால்தான் முயன்று தவறியவனுக்கு ஒரு தண்டனை, முயலாமலே போனவனுக்கு அதற்குமேல் இன்னொன்று என்று வைக்கிறார்கள். இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது. வினாடிகளை அப்படியே கூட்டினால் 90 வினாடி ஸ்டேஜ் ஒன்று 15 வினாடி ஸ்டேஜ்களை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்டேஜிலும் முதல்வனுக்கு 100, மற்றவனுக்கு விகிதம். முதல்வன் 20, நீ 25 என்றால் உனக்கு 80. அங்கே வகுத்தல் கொல்லைப்புறமாக நுழைந்துவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது மாலையில், எல்லோருக்கும் பொதுவாக நடக்கிறது. தன் வினாடியை ஒவ்வொருவனும் காலையிலேயே பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டு போயிருக்கிறான்.

ஒப்புக்கொள்வதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் இங்கே நடுவர்கள் யாரும் சம்பளக்காரர்கள் கிடையாது. இப்போது எண்ணுகிறவன் பெரும்பாலும் அடுத்த கால்மணியில் சுடுகிறவன். அவன் சொல்வதை எப்படி நம்புவது? நேரத்தைச் சொல்வது ஒரு சின்னப் பெட்டி. அதற்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். கடைசியாகக் கேட்ட வெடியோடு நேரத்தை முடித்துக்கொள்ளும். பக்கத்துப் பொட்டலில் எவனாவது சுட்டாலும் விசுவாசமாக எழுதிக்கொள்ளும் என்பதால் அதைச் சுடுகிறவன் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். துளையைச் சொல்வது மனிதக் கண். “ரெண்டும் ஒரே ஓட்டையில போயிடுச்சு” என்று சத்தியம் செய்கிறவன் எல்லாக் கிளப்பிலும் உண்டு. தெளிந்த பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம். விளிம்பில் இரண்டாவது வளைவு தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. கூட்டல் முறையில் இந்த வழக்குகளே குறைவு, நடுவில் ஒன்று விழுந்தால் போதுமே. ஒருவன் முடித்ததும் குழுவில் எல்லோரும் போய்த் துளைகளை ஒட்ட வேண்டும். ஒன்றை ஒட்ட மறந்து, எது யார் துளை என்று தெரியாமல் போனால் பாவம் அடுத்தவன் மறுபடி சுட வேண்டும். ஆகவே உங்கள் மருமகன் அமெரிக்காவில் துப்பாக்கிக்காரர்கள் நடுவே வீரமாகச் செய்வது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வேலை.

சம்பளம் இல்லை என்றேன் அல்லவா, சாப்பாடும் அப்படித்தான். ஆகஸ்ட் வெயிலில் தகரப் பந்தலடியில் ஒரு ரொட்டிக்குள் ஒரு உருளை மாமிசம். அங்கே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற மாசத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அதற்கு எந்த முறையில் வினாடி போடுவது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. முருங்கைக்கீரையும் கருவாடும் போட்ட அத்தை கையால் ஒரு சொம்பு கூழுக்கு என் கணக்கு மொத்தத்தையும் விட்டுக்கொடுப்பேன்.

ஒரு வேலை இருக்கிறது மாமா. பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய உயிர்வாழ் சான்றிதழை இந்த வருஷமாவது கெடு முடிவதற்குள் தபாலில் போடுங்கள். அவர்கள் தாமதத்துக்கு ஐந்து வினாடி கூட்டுகிற ரகம் கிடையாது, பென்ஷனையே நிறுத்திவிடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்