கூடார நிலைபேறு: ஒரு பரண்வழி ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கூடாரம் வாங்கப் புகுவோர் கடையில் கேட்கும் முதல் வினா, "எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பது. கடைக்காரர் தரும் விடை, "நீங்க வெச்சுக்கிறதப் பொறுத்தது சார்" என்பது. இவ்விடை பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சென்று இதுகாறும் கருதப்பட்டுவந்தது. அது பொருட்செறிவுள்ள சூத்திரம் என நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. ஆய்வு எல்லை

கல்யாணப் பந்தலும் சர்க்கஸ் கொட்டகையும் இவ்வாய்வில் அடங்கா. ஒட்டகத்துக்கு இடம்கொடுத்த கூடாரமும் விலக்கப்படுகிறது. அங்கே கூடாரம் நீடித்தது, உரிமையாளர்தான் நீடிக்கவில்லை.

3. வடிவவியல்

கூடாரம் நால்வகைப்படும். முதலாவது முக்கோணம். 1860களில் ஆல்ப்ஸ் மலையேறிய எட்வர்ட் விம்பர் தமக்கென வடிவமைத்துக்கொண்டது இவ்வகை. மழை வழிந்தோடும்; உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

இரண்டாவது குவிமாடம். வளைந்த இரு கம்புகள் உச்சியில் குறுக்கிட, முளை அடிக்காமலே நிற்கும். ஆதலால் சோம்பேறிகள் முளை அடிப்பதில்லை. ஆதலால் காற்றடித்தால் கூடாரம் ஆளை விட்டுவிட்டுப் பயணம் போகும்.

மூன்றாவது சுரங்கம். வளையங்களை வரிசையாக நிறுத்திய அமைப்பு. எடைக்கு இடம் மிகுதி. முளையும் கயிறும் இன்றேல் படுத்துவிடும். பக்கவாட்டுக் காற்று இதற்குப் பகை.

நான்காவது பல்குறுக்கு வகை. 1975இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடக் கணக்கைத் துணியில் இறக்கி, 'ஓவல் இன்டென்ஷன்' என்ற கூடாரத்தை வெளியிட்டது. கம்புகள் பலவிடத்தில் குறுக்கிடுவதால் காற்றின் விசை பங்கிடப்படுகிறது. பனிப்புயலுக்கு ஏற்றது. கொடைக்கானல் தூறலுக்கு இதை வாங்குவோர் எடையைச் சுமக்கப் பிறந்தவர்.

4. துணிவழி வாதப் பிரதிவாதங்கள்

பருத்தியார் கூறுவது: கான்வாஸ் நனைந்தால் நூல் பருத்து இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும், உள்ளே காற்றும் உலவும்.

அது பொருந்தாது, என்னை? நனைந்த கான்வாஸைத் தூக்க ஓர் ஆளும், பிடித்த பூஞ்சணத்தைத் துடைக்க இன்னோர் ஆளும் வேண்டுதலின், என்பர் நைலானார். 1935இல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய அவ்விழை எடைக்கு மீறிய வலுவுடையது. ஆயினும் நீர் குடித்து நெகிழும். நள்ளிரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டியாக வேண்டும். வெயிலிலும் நைந்துபோகும்.

பாலியஸ்டரார் இடைவழியினர்: வலு சற்றுக் குறைவு; ஆனால் நனைந்தும் தொய்வதில்லை, வெயிலை நைலானைவிட நன்கு தாங்கும்.

நூலின் பருமனை டெனியரால் அளப்பர். 9000 மீட்டர் நூல் 70 கிராம் நிறுத்தால் அது 70 டெனியர். நீர் தாங்கும் திறனுக்கு மில்லிமீட்டர். 3000 என்று அச்சிட்டிருந்தால், துணியின்மேல் மூன்று மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தும்வரை கசியாது என்று பொருள்.

அற்றேல், மழையே பெய்யாத இரவிலும் விடியலில் கூரை சொட்டுவதேன்? உறங்கியவர் விட்ட மூச்சு குளிர்ந்த துணியில் பட்டு நீராயிற்று. ஆகவே உள்ளே வலை, வெளியே மேலுறை என இரட்டைச் சுவரும், காற்றுப் போக்கியும் வேண்டப்படும்.

5. கருதுகோளும் அதன் வீழ்ச்சியும்

'பையை விட்டு எடுக்காத கூடாரமே நெடுங்காலம் வாழும்' என்பது இவ்வாய்வாளரின் தொடக்கக் கருதுகோள். வேதியியல் இதை இரக்கமின்றி முறித்தது. மழைக்குக் காப்பாகத் துணியின் உட்புறம் பூசப்படும் பாலியூரித்தேன், ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நீராற்பகுப்படைந்து பிசுபிசுக்கும்; நாறும்; இறுதியில் செதிலாக உதிரும். சென்னை வீட்டுப் பரணில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. ஒரு புயலையும் கண்டறியாத கூடாரம் அங்கே படுத்தபடியே மூப்படைகிறது. சிலிக்கோன் பூச்சுக்கு இந்நோய் இல்லை. ஆனால் அதன்மேல் தையல் நாடா ஒட்டாது. தையல் வழியே நீர் புகாதிருக்கத் தனிப் பசையைத் தடவவேண்டும்.

6. முடிவுகள்

அ. கண்ணாடியிழைக் கம்பு நெடுக்காகப் பிளந்து சிலாம்பாகும். அலுமினியக் கம்பு வளையும், நிமிர்த்தலாம். பின்னதே கொள்க.

ஆ. ஜிப்பின் பற்களில் மணல் புகுந்தால் இழுப்பான் தேயும், பின்பு பூட்டாது. ஊர் திரும்பியதும் துலக்குக.

இ. கூடாரத்தின் ஆயுள் மலையில் தீர்மானிக்கப்படுவதில்லை. திரும்பிய மறுநாள் மொட்டைமாடிக் கொடியில் தீர்மானிக்கப்படுகிறது. நிழலில் முற்ற உலர்த்தாதவர் எத்துணை விலை கொடுத்திருப்பினும் வீண்.

ஈ. உலர்ந்ததை இறுக்கிச் சுருட்டாமல், காற்றோட்டமுள்ள பெரிய பருத்திப் பையில் தளர்வாக வைக்க.

ஒருமுறை வெளியே வந்த கூடாரம் தன் பைக்குள் மீண்டும் நுழைய மறுப்பதை உற்பத்திக் குறை என்று உலகோர் பழிப்பர். மேற்கண்ட சான்றுகளின்படி அது கூடாரத்தின் தற்காப்பு நடவடிக்கை என்று துணியலாம்.