விஷத்துக்கு விலங்கு

ஒரு வாரம் 'டீடாக்ஸ்' ஜூஸ் குடித்தால் உடம்பிலுள்ள விஷமெல்லாம் போய்விடுமாமே? (சேலம்)

எந்த விஷம் போகும் என்று ஜூஸ்காரரிடம் பெயரைக் கேளுங்கள். பேச்சை மாற்றுவார். உங்கள் கல்லீரலோ ஆளைப் பார்த்துப் பிடித்து, ராப்பகலாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் படையில் முக்கியமானவை குளூட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ் நொதிகள். ஜூஸுக்குக் கொடுக்கும் காசில் காய்கறி வாங்குங்கள்!

பெயரே வாயில் நுழையவில்லை. அது செய்கிற வேலைதான் என்ன? (தேனி)

போலீஸ் வேலை. குளூட்டாதயோன் என்பது கைவிலங்கு. குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்று மூன்றே அமினோ அமிலங்களால் ஆனது; சிஸ்டீனில் இருக்கும் கந்தகம்தான் பூட்டு. விஷ மூலக்கூறை மடக்கி அந்தப் பூட்டை மாட்டுவது டிரான்ஸ்ஃபரேஸ். மாட்டியதும் விஷம் தண்ணீரில் கரையும். பிறகென்ன, பித்தம் வழியாகவோ சிறுநீர் வழியாகவோ நாடு கடத்தல்!

கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (காரைக்குடி)

முதல் தடயம் 1879-இல், ஜெர்மனியில். புரோமோபென்சீன் கொடுக்கப்பட்ட நாய்களின் சிறுநீரில் கந்தகம் கோத்த புதுப் பொருள் ஒன்று கிடைத்தது. கைதியைப் பார்த்துவிட்டார்கள்; பிடித்த போலீஸ் யாரென்று தெரிய 1961 ஆனது. பூத், பாய்லண்ட், சிம்ஸ் என்ற மூவர் எலியின் கல்லீரலில் அந்த நொதியைக் கண்டார்கள். 82 வருஷத் துப்பு!

தலைவலி தாங்கவில்லை. பாராசிட்டமாலை இரண்டு மடங்காகப் போட்டால் சீக்கிரம் கேட்குமா? (திருச்சி)

தலைவலி போய்க் கல்லீரல் வலி வரும். நீங்கள் விழுங்கும் மாத்திரையில் ஒரு சிறு பங்கு, கல்லீரலில் கொடிய நச்சாக மாறுகிறது. அளவோடு போட்டால் குளூட்டாதயோன் அதை மடக்கிவிடும். அளவு மீறினால் விலங்கு கையிருப்பே தீர்ந்து, நச்சு கல்லீரல் செல்களைத் தாக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு. குடிப்பவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அதுவே அதிகம். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

தப்பித்தவறி யாராவது அதிகம் விழுங்கிவிட்டால், 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் நாள் அப்படித்தான் இருக்கும். மாற்று மருந்து அசிடைல்சிஸ்டீன். புது விலங்கு செய்யக் கச்சாப்பொருள் அதுதான். 8 மணி நேரத்துக்குள் ஏற்றினால் கல்லீரல் பெரும்பாலும் பிழைக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள்.

எங்கள் பூனைக்குக் காய்ச்சல். கால் மாத்திரை கொடுக்கலாமா? (புதுச்சேரி)

தொடவே தொடாதீர்கள்! நம் உடம்பு பாராசிட்டமாலைக் கழிக்கும் முக்கிய வழி பூனைக்கு மிகப் பலவீனம். அதன் குளூட்டாதயோன் சீக்கிரமே தீர்ந்து, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் திணறும். நமக்குக் காய்ச்சல் மாத்திரை, பூனைக்கு எமன்.

சின்ன வயதிலிருந்து ஊதித் தள்ளும் என் மாமா கல்லுக்குண்டாக இருக்கிறாரே? (விருதுநகர்)

அவருக்குப் போலீஸ் பலம் இருக்கலாம். எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. எம்1 என்ற டிரான்ஸ்ஃபரேஸுக்கான மரபணு ஐரோப்பியர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு அறவே இல்லை. இந்தியர்களிலும் கணிசமானவர்களுக்கு இல்லை. இல்லாதவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அபாயம் சுமார் ஒன்றரை மடங்கு. ஆனால் போலீஸ் இருக்கிறது என்று மாமா ராத்திரியில் வாசல் கதவைத் திறந்து போட்டா தூங்குகிறார்?

அப்படியானால் இந்த நொதி உத்தமன்தானே? (நாகர்கோவில்)

எப்போதும் இல்லை. பெயிண்ட் உரிக்கப் பயன்படும் டைகுளோரோமீத்தேனில் இது குளூட்டாதயோனை மாட்டினால், டி.என்.ஏ.வைக் கடிக்கும் பொருள் பிறக்கிறது. கூடவே ஃபார்மால்டிஹைடும். போலீஸே கத்தி எடுத்துக் கொடுக்கும் வழக்கு!

புற்றுநோயைத் தடுக்குமா, வளர்க்குமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (சென்னை)

இரண்டும்.

பிராஸ்டேட் புற்றில் பெரும்பாலான கட்டிகளில் 'பை' வகை டிரான்ஸ்ஃபரேஸின் மரபணு மெத்தில் குழுக்களால் அடைக்கப்பட்டிருக்கும். ஸ்டேஷனைப் பூட்டிவிட்டுத்தான் திருடன் தொழிலைத் தொடங்குகிறான். வேறு பல கட்டிகளில் அதே நொதி அளவுக்கு மீறிப் பெருகிக் கிடக்கும். மெல்ஃபலான், குளோராம்புசில் போன்ற மருந்துகளை முறியடிப்பதில் இந்தக் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. நொதிக்குக் கட்சி கிடையாது. குடியிருக்கும் செல்லுக்கே விசுவாசம்.

பூசணம் பிடித்த நிலக்கடலையை வறுத்துவிட்டால் சரியாகிவிடாதா? (திண்டிவனம்)

ஆகாது. பூசணம் விடும் அஃப்ளாடாக்சின் வறுவலில் முழுதாகச் சாகாது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகளைச் சாய்த்தது கெட்டுப்போன கடலைப் பிண்ணாக்குத் தீவனம். சுண்டெலியிடம் இதை முறிக்க வீரியமான டிரான்ஸ்ஃபரேஸ் உண்டு. நம்முடையது அதன் பக்கத்தில்கூட நிற்காது. சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். சுண்டெலியோடு போட்டி வேண்டாம்.

கொசு ஏன் மருந்துக்குச் சாக மாட்டேன் என்கிறது? (எண்ணூர்)

அதனிடமும் டிரான்ஸ்ஃபரேஸ் இருக்கிறதே! ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் மலேரியா பரப்பும் ஒருவகைக் கொசுவுக்கு அந்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது. நொதியின் வாய் அகன்றது, டி.டி.டி. உள்ளே போய்ச் செயலிழந்தது. தெளித்தவர்தான் இருமினார்.

சிவப்பாவதற்குக் குளூட்டாதயோன் ஊசி போட்டுக்கொள்ளலாமா? (கோவை)

வேண்டாம் தாயி. சிறுநீரகம், கல்லீரல், நரம்பு எல்லாம் பாதிக்கப்படலாம் என்று பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. விஷத்தை வெளியேற்றத்தான் குளூட்டாதயோன். உங்கள் நிறத்தில் வெளியேற்ற என்ன இருக்கிறது?

இந்த நொதியை வளர்க்க என்ன சாப்பிடலாம்? (தஞ்சாவூர்)

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு. இவற்றின் காரநெடிக்குக் காரணமான ஐசோதயோசயனேட்டுகளில் சில, இந்த நொதிகளைத் தூண்டுகின்றன. 1992-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் டலாலே குழு பிராக்கோலியிலிருந்து அப்படி ஒன்றைப் பிரித்தது. சிஸ்டீனுக்கு முட்டையும் பருப்பும்.

ஆனால் போலீஸைப் பெருக்குவதைவிடக் குற்றத்தைக் குறைப்பது மலிவு. புகை, மது, பூசணக் கடலை, அளவு மீறிய மாத்திரை: நாலையும் விட்டுவிட்டு முட்டைக்கோஸ் பொரியலுக்கு உட்காருங்கள். உட்கார்ந்தால் பலன் உண்டு!