வெட்டி ஒட்டறது எப்படி?

உட்காருடா பேராண்டி. தே தாரிக் ஆறிடப் போவுது. மூஞ்சியை ஏன் அப்படித் தூக்கி வச்சிருக்கே? கைப்பேசியில கெடந்ததை வெட்டி ஒட்டிக் கட்டுரைன்னு கொடுத்தே, முட்டை போட்டுட்டாங்க. அதுக்கு நீ கேக்கற நியாயம் இருக்கே, அடேயப்பா! "பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்காரன் ரோமாபுரியைப் பார்த்து எழுதினா இலக்கியம், நான் பார்த்து எழுதினா திருட்டா தாத்தா?" பிரிக்பீல்ட்ஸ்ல வக்கீல் போர்டு மாட்ட வேண்டிய ஆளுடா நீ.

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்பு. நீ ராத்திரியெல்லாம் கத்திக் கத்திப் படிச்சதுல என் காது பட்டம் வாங்கிடுச்சு. அதோட, முப்பது வருசம் தோட்டத்துல வெட்டினதும் ஒட்டினதும்தானே என் பொழப்பு? வெட்டுன்னா பால் வெட்டு. ஒட்டுன்னா கித்தாக் கன்னுல, அதான் ரப்பர்க் கன்னுல, கண்ணு வச்சுக் கட்டறது.

நல்லாப் பால் குடுக்கற மரத்துலேர்ந்து ஒரு கண்ணை எடுக்கணும். நம்ம மண்ணுல வேர் விட்ட கன்னோட பட்டையைக் கீறி, உள்ளே சொருகிக் கட்டணும். கண்ணு பிடிச்சதும் கன்னுத் தலையைச் சீவிடணும். அப்புறம் கண்ணு வெளியூரு, வேரு உள்ளூரு, பால் உன் மங்குல. அட, கித்தாவே பிரேசில் சரக்குதானே? 1877ல கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்த கன்னு.

நீ சொன்ன வெள்ளைக்காரன் சாமுவேல் ஜான்சன் செஞ்சதும் இந்த ஒட்டுதான். ரோமாபுரியில ஜுவெனல்னு ஒரு வாய்க்கொழுப்புக்காரன். ஊர் கெட்டுப்போச்சு, வீடு இடிஞ்சு விழுது, கிரேக்கனுங்க வந்து குந்திட்டானுங்கன்னு கூட்டாளி ஒருத்தன் மூட்டை கட்டிக் கெளம்பற மாதிரி எழுதி வச்சான். 1738ல ஜான்சன் அந்தக் கண்ணை எடுத்து லண்டன் வேர்ல வச்சாரு. ரோமாபுரி லண்டனாச்சு, கிரேக்கன் பிரெஞ்சுக்காரன் ஆனான். கூலி பத்து கினி. வேடிக்கையைக் கேளு: புத்தகத்துல தன் பேரைப் போடல, ஜுவெனல் பேரைப் போட்டாரு. லத்தீன் வரியையும் பக்கத்துக்கு அடியில அச்சடிக்கச் சொன்னாரு. அலெக்சாண்டர் போப்னு இன்னொரு கவி, அவருக்கும் முன்னாடியே ஹொரேஸ்ங்கற ரோமாபுரிக் கவியை எதிர்ப்பக்கத்துல நிறுத்தி வச்சுட்டு, இந்தப் பக்கம் தன் ஊர்க்காரனைக் கிழிச்சவரு. அவங்க கடன் பத்திரத்தை ஊருக்கே காட்டினாங்க. நீ பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் பணக்கார வேசம் கட்டினே.

"அது வெள்ளைக்காரன் வித்தை"ன்னு இழுக்காதே. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் எங்களைச் சிரிக்க வச்ச பரமார்த்த குரு கதையை எழுதின வீரமாமுனிவர் யாரு? இத்தாலியில மாந்துவா வட்டாரத்து ஆளு. ரோமாபுரிப் பெருங்கவி வெர்ஜில் பொறந்த வட்டாரம் அது. லண்டன்ல ஸ்விஃப்ட்டோட கலிவர் கதை வெளிவந்த அதே 1726ல, அவரு சூசையப்பர் கதையைத் தமிழ் வேர்ல ஒட்டித் தேம்பாவணி ஆக்கிட்டாரு. நீ? கடைப் பலகையில 'ழ'வைப் பார்த்தா அடுத்த சந்துல நுழையறே.

இப்பப் புத்தி சொல்றேன். கிள்ளானுக்கு ரயில் ஏறு. 1909ல ஹப்பக்ங்கற கட்டடக் கலைஞர் வரைஞ்சு கட்டின சுல்தான் சுலைமான் கட்டடம், இப்ப அரச காட்சியகம், ரோமாபுரித் தூணோட நிக்குது. அடுத்த வருசமே அதே ஆளு கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மொகலாயத் தொப்பி மாட்டிவிட்டாரு. இரவல் சட்டையில அவ்வளவு ஆசை! அந்தத் தூண் நிழல்ல குந்தி, ஜுவெனலைக் கிள்ளான் வேர்ல ஒட்டிப் பாரு. வெள்ளம், வாடகை, நெரிசல் எல்லாம் தயாரா இருக்கு. கிரேக்கன் இடத்துல யாரைப் போடறதுன்னு மட்டும் யோசிச்சுப் போடு; வேற ஒருத்தன் எழுதினா அங்க உன்னைத்தான் போடுவான். கடைசியில 'ஊரை விட்டே போறேன்'னு எழுதிக்கோ, பயமில்ல. ஜான்சனும் அப்படித்தான் எழுதிட்டு, சாகற வரைக்கும் லண்டன்லயே கெடந்தாரு.

அடியில ஜுவெனல் பேரைப் போட மறக்காதே. ஆமா, கடன்னதும் ஞாபகம் வருது. தீபாவளிக்கு முந்தி என்கிட்ட வாங்கின ஐம்பது வெள்ளியை எந்தப் பக்கத்துக்கு அடியிலடா எழுதி வச்சிருக்கே?