ஜாடி நிறைய ஸ்பெயின்

கேள்வி: கோடை விருந்துக்குச் சிவப்பு ஒயினில் சுலபமாக ஒரு ஜாடி கலக்க வேண்டும். விலை உயர்ந்த ஒயின்தான் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விலை உயர்ந்த ஒயினில் பழத்தை ஊறப்போடுவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாவாட்டுகிற மாதிரி. நீங்கள் கேட்பது சங்ரியா, அதாவது பழம் ஊறிய ஸ்பானிய ஒயின் பானம். அதற்கு மரப்பீப்பாயில் நெடுநாள் கிடக்காத இளம் சிவப்பு ஒயின், கார்னாச்சாவோ டெம்ப்ரானியோவோ, போதும்.

ஒரு புட்டிக்கு (750 மி.லி.) ஓர் ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை, ஒரு பீச், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை. பிடித்தால் 50 மி.லி. பிராந்தி. ஆரஞ்சையும் எலுமிச்சையையும் தோலோடு நறுக்கி, முதலில் சர்க்கரையில் பிசறி அரை மணி நேரம் விடுங்கள். தோலின் வாசனை எண்ணெயும் சாறும் இறங்கி, அடியில் பாகாக நிற்கும். ருசி முழுக்க அங்கேதான். அவசரப்பட்டு இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்! பிறகு பீச்சைப் போட்டு, ஒயினை ஊற்றி, நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில். சோடாவும் ஐஸும் பரிமாறும்போதுதான். முன்பே ஊற்றினால் விருந்தினருக்கு முன்னால் குமிழி கிளம்பிப் போய்விடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 விதிப்படி, ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ தயாரானதை மட்டுமே ஒன்றியத்துக்குள் வெறும் ‘சங்ரியா’ என்று விற்கலாம். உங்கள் வீட்டு ஜாடிக்கு அந்தக் கவலை இல்லை.

நேரமே இல்லையா? ஸ்பானியர்களின் ‘டின்டோ தே வெரானோ’ இருக்கிறது: ஒயினும் எலுமிச்சை சோடாவும் சரிபாதி, நிறைய ஐஸ். அவ்வளவுதான்.

ஒன்று கவனம்: ஜாடியின் பழத்துண்டுகளும் ஒயினில் ஊறியவை. குழந்தைகளுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் வேறு தட்டில் பழம் வையுங்கள்.