நான் எழுதிய மனு

போன மாதம் ஒரு மத்தியானம் மூன்று மாணவிகள் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். நடுவில் நின்றவள் கையில் நாலாக மடித்த வெள்ளைத்தாள். "மேம், தப்பா நெனச்சுக்காதீங்க. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்று நீட்டினாள். நைட் டூட்டியில் மாணவிகளைத் தனியாக வார்டில் விடக் கூடாது, கூட ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருக்க வேண்டும், நைட் முடிந்த காலையில் வகுப்பு வைக்கக் கூடாது. முதல் வரியைப் படித்ததுமே அடுத்த வரி எனக்குத் தெரிந்துவிட்டது. 2005-இல் இதையேதான் நானும் எழுதிக் கொடுத்தேன்.

2003-இல் டெல்டா பக்கம் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் ஜி.என்.எம். பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். முதல் வருடம் பெரும்பாலும் கைக்குத்தான் படிப்பு. சுருக்கம் விழாமல் படுக்கை விரிக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் படுத்தே கிடப்பவருக்கு முதுகில் புண் வரும். பாதரசத் தெர்மாமீட்டரை உதறிப் பார்க்க வேண்டும். டிரிப் போட்டால் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ண வேண்டும். 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லி பாட்டில் 8 மணி நேரம் போக வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. டிரிப் குழாயின் உருளையை ஒரு மயிரிழை நகர்த்திவிட்டு, மறுபடி முழு நிமிடம் நின்று எண்ணுவோம். இன்று பம்ப்பில் மணிக்கு 63 மில்லி என்று அழுத்தினால் அதுவே போகிறது, தீர்ந்தால் அதுவே கூப்பிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் நோயாளியின் தலைமாட்டில் நின்றோமே, அப்போதுதான் அவர் மூச்சு எப்படிப் போகிறது, உதடு வெளுத்திருக்கிறதா என்பதெல்லாம் தானாகக் கண்ணில் பட்டது. அதனால் என் மாணவிகளை இன்னும் எண்ணச் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் சுனாமி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரைப் பறிகொடுத்தது நாகப்பட்டினம் மாவட்டம். 6,000 பேருக்கும் மேல். மூன்றாம் நாள் எங்களை வண்டியில் ஏற்றி நாகைக்குக் கொண்டுபோனார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் சனங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். வராந்தாவில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு டிரஸ்ஸிங் செய்தோம்.

அந்தக் காயங்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தகரம், படகுக் கட்டை, ஓட்டுச் சில்லு எல்லாம் கிழித்த காயம். உள்ளே முழுக்க மணல். சலைன் ஊற்றி ஊற்றிக் கழுவினாலும் மணல் வந்துகொண்டே இருந்தது. "தையல் போட்டுடாதீங்க, உள்ளே அழுக்கை வெச்சு மூடினா சீழ் பிடிக்கும், திறந்தே விடுங்க, நாலு நாள் கழிச்சுப் பார்க்கலாம்" என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். டி.டி. ஊசி, ஓ.ஆர்.எஸ்., குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி, கூடவே வைட்டமின் ஏ. முகாமில் ஒரு பிள்ளைக்குத் தட்டம்மை வந்தால் அடுத்த பாயில் இருக்கும் பிள்ளைக்கும் வந்துவிடும்.

பாதம் பிளந்துபோன ஒரு அம்மாவுக்கு முக்கால் மணி நேரம் கழுவினேன். வீட்டில் யார் யார் போனார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சாப்புட்டியா தாயீ?" என்றார். எனக்கு அப்போது 19 வயது. இந்த வேலையை விடக் கூடாது என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் முடிவு செய்தேன்.

முகாமில் எங்கள் 24 பேரை யார் எங்கே, யாருக்கு எப்போது தூக்கம் என்று பிரித்து விட்டது நான்தான். அதைப் பார்த்துத்தான் மறு வருடம் பிள்ளைகள் என்னை எஸ்.என்.ஏ. செயலாளராக்கினார்கள். எஸ்.என்.ஏ. என்பது மாணவச் செவிலியர் சங்கம். பாட்டுப் போட்டி, செவிலியர் தின விழா, ரத்ததான முகாம் என்று அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. மனு எழுதும் யோசனை ஒரு ராத்திரியில் வந்தது. ஆண்கள் வார்டில் 40 பேருக்கு நான் ஒருத்தி. பின்னிரவில் ஒரு பெரியவர் குழப்பத்தில் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டார். பாய் முழுக்க ரத்தம். ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வார்டு சிஸ்டருக்குக் கேட்கும்வரை கத்தினேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தில் இன்னொருவருக்கு மூச்சு நின்றிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மனுவைக் கொடுத்தபோது சூப்பிரண்டென்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "சரி போ, பார்க்கலாம்" என்றார். கல்நெஞ்சு என்று விடுதியில் வந்து அழுதேன். ஒரு மாதம் கழித்து இரண்டு வார்டுக்கு ஒரு ஸ்டாஃப் என்று போட்டார்கள். கேட்டதில் பாதி.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். முதல் வேலை ஒரு தனியார் மருத்துவமனையில்; அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருட பாண்டு எழுதி வாங்கினார்கள். பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு என்பதால் செவிலியர் ஆண்டாக அறிவிக்கப்பட்ட 2020-இல், கொரோனா வார்டில் பி.பி.இ. உடைக்குள் வியர்த்து நின்றேன். இப்போது வேறொரு மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டென்ட். டூட்டி லிஸ்ட் போடுவது நான்.

போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் கணக்கு. என் லிஸ்டில் நைட்டுக்கு 30 படுக்கைக்கு ஒருவரைப் போடுவதே பெரும்பாடு. கைப்பழக்கம் வந்த பிள்ளைகள் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போய்விடுகிறார்கள்; கிடைக்கிற சம்பளத்துக்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காலிக் கட்டத்தில் மாணவியின் பேரை எழுதினால் லிஸ்ட் நிரம்பிவிடும். நானும் எழுதினேன். பல மாதம் எழுதினேன். அன்று என் மனுவை வாங்கிய சூப்பிரண்டென்ட் அம்மா ஏன் பேசாமல் இருந்தார் என்று புரிகிறது. புரிந்துவிட்டதால் அது சரியாகிவிடாது. அந்தப் பிள்ளைகள் படிக்க வந்தவர்கள். ஆள் இல்லாத இடத்தை அடைக்க வந்தவர்கள் இல்லை.

நம் நாட்டில் நர்சுகளின் முதல் சங்கம் 1905-இல் லக்னோவில் சூப்பிரண்டென்ட்கள் சேர்ந்து தொடங்கியதுதான். மாணவிகளுக்கென்று ஒரு சங்கம் வர 1929 ஆனது. மனுவோடு வந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். உட்காரச் சொல்லி, லிஸ்டையே அவர்கள் முன்னால் விரித்தேன்.

நால்வருமாக ஒரு மணி நேரம் பார்த்தோம். பாதி காலியாகக் கிடந்த இரண்டு வார்டுகளை ராத்திரிக்கு ஒன்றாக்கினோம். நைட் முடித்தவர்களுக்கு வகுப்பு மத்தியானம் 2 மணிக்குப் போனது. நிர்வாகத்துக்கு நான் எழுதிய கடிதத்தோடு மாணவிகளின் மனுவையும் சேர்த்தே வைத்தேன். ஆள் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு முறிவு வார்டு மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. ஆள் வரும்வரை செவ்வாயும் வெள்ளியும் அங்கே நைட் நான் பார்க்கிறேன்.

முதல் செவ்வாய், மனு கொண்டுவந்த பெண்தான் என்னோடு டூட்டி. இரண்டு மணிக்கு ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நீங்க கொடுத்த மனு என்னாச்சு மேம்?" என்றாள். பாதி கிடைத்தது என்றேன். "மீதிப் பாதி?" என்றாள். பதினாலாம் படுக்கையில் பம்ப் கூப்பிட்டது. அவள் எழுந்து போனாள். புது பாட்டிலை மாட்டிவிட்டு, கடிகாரக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்தத் தாத்தாவின் தலைமாட்டில் ஒரு நிமிடம் நின்றாள்.