மூச்சுவிட 3 நாள் பயிற்சி

(முள்ளியவளைப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபம். முதல் நாள் பின்னேரம். சுவரில் "மனமும் உடலும்: அசைவின் வழி நலவாழ்வு" என்று ஆளுயரப் பனர். அதில் பாதி இடத்தை உதவி செய்தவர்களின் இலச்சினைகளே பிடித்திருக்கின்றன. காலையில் 20 பேர் வந்தார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு 35 பேர். இப்போது இருப்பது இருவர்: சின்ன வயதில் வவுனியாவை விட்டுப்போய்க் கனடாவிலிருந்து திரும்பி வந்த பயிற்றுநர், மண்டபத் திறப்பை வாங்கிப்போக வந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியார்.)

அண்ணாவியார்: என்ன பிள்ளை, சனமெல்லாம் எங்க?

பயிற்றுநர்: போட்டினம் ஐயா. மல்லாக்கப் படுங்கோ, கண்ணை மூடுங்கோ, உள்ளங்காலில இருந்து ஒவ்வொரு இடமா உடம்பை உணருங்கோ எண்டன். பத்து நிமிசம் ஆகேல்லை, முன்வரிசையில ஒரு அம்மா எழும்பினா. அவவுக்குப் பின்னால எல்லாரும் எழும்பிட்டினம்.

அண்ணாவியார்: வரிசையாக் கிடத்தினனீரோ?

பயிற்றுநர்: ஓம். போர்க்கிறதுக்கு வெள்ளைத் துணியும் குடுத்தனான்.

அண்ணாவியார்: (கொஞ்ச நேரம் பேசவில்லை.) பிள்ளை, இது 2009 சண்டைக்குள்ளால மாத்தளன், முள்ளிவாய்க்கால் கடந்து வந்த சனம். வரிசையா, மல்லாக்க, வெள்ளைத் துணியோட. இந்தக் காட்சியை இவ்வளவு திறமா ஒருத்தராலயும் மேடையேத்த ஏலாது.

பயிற்றுநர்: கையேட்டில அப்பிடித்தான் இருந்தது...

அண்ணாவியார்: அந்த முன்வரிசை மனிசிக்கு நாரிக்குள்ள செல் துண்டு கிடக்கு. மழை வரப்போகுதெண்டு வானொலி சொல்ல முதல் அவ சொல்லுவா. உணராமல் இருக்கத்தான் அந்த மனிசி இத்தனை வருசமாப் பாடுபடுது. நீர் உணரச் சொல்லுறீர்.

பயிற்றுநர்: கண்ணைத் திறந்து வைச்சிருக்கச் சொல்லியிருக்கலாம். அது என்ர பக்கத்துக் குறைதான். ஆனா மூச்சை ஆறுதலா விட்டா நெஞ்சுப் படபடப்பு இறங்கும் எண்டது பகிடியில்லை ஐயா. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில இருந்து எத்தனை வருசமாச் சொன்னவர். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, ஜெபம், மந்திரம், முஸ்லிம் ஆக்களுக்குத் திக்ரு எண்டு...

அண்ணாவியார்: அவர் சனத்துக்குத் தெரிஞ்சதில இருந்து தொடங்கினவர். நீர் பனரில இருந்து தொடங்கினனீர். உந்த மூச்செல்லாம் எங்கட கூத்தில எப்பவோ இருக்கு. வற்றாப்பளை அம்மனுக்குத் தூக்குக்காவடியில தொங்கிக்கொண்டு வாறவன் எந்தக் கையேட்டைப் படிச்சவன்? உலகத்துக்கு நாங்கள்தான் காட்டிக் குடுத்தது.

(இந்த இடத்தில் அண்ணாவியார் கதிரையில் இருந்து எழும்பப் பார்த்தார். முதல் தரம் முடியவில்லை. இரண்டாம் தரம் மேசையைப் பிடித்து எழும்பினார்.)

பயிற்றுநர்: உலகத்துக்குக் காட்டினது சரி. முழங்காலுக்கு என்ன காட்டினனீங்கள்?

அண்ணாவியார்: சித்தாலேப பூசுறனான்.

பயிற்றுநர்: பெல்டன்கிரைஸ் எண்டு ஒரு பௌதிகவியலாளர் இருந்தவர், யூடோவில கறுப்புப் பட்டி எடுத்தவர். அவருக்கும் முழங்கால் பழுது. பூசிப்போட்டுப் படுக்காமல், தான் எப்பிடி நடக்கிறன், பாரத்தை எந்தக் காலில போடுறன் எண்டு ஆராய்ஞ்சவர். அதில இருந்துதான் அவற்ற முறையே பிறந்தது. உங்களிட்டப் பழகின எத்தினை பேருக்கு இப்ப நாரிப்பிடிப்பு?

அண்ணாவியார்: ...அதெல்லாம் வயசு. இஞ்ச, ஒரு மிதி மிதியும் பாப்பம். மிதிச்சுக்கொண்டு பாடும்.

(பயிற்றுநர் மிதித்தாள். பாடினாள். நாலாவது அடியில் சொல் நின்றது, கால் போனது. பிறகு காலும் நின்றது.)

அண்ணாவியார்: எங்க மூச்சு? மூண்டு நாள் மூச்சுப் படிப்பிக்க வந்தனீரல்லோ?

பயிற்றுநர்: ரெண்டையும் ஒருமிக்க எப்பிடி ஐயா செய்யிறது?

அண்ணாவியார்: ஆர் ஒருமிக்கச் செய்யச் சொன்னது? நீர் ஒரு அடி பாடும். அந்த அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்குவினம். அவை பாடேக்க நீர் ஆடும், மூச்சை எடும். பிறகு அடுத்த அடி. விடிய விடிய ஒருத்தன் ஆடுறானெண்டா அவனுக்குப் பின்னால நாலு பேர் மூச்சுக் குடுத்துக்கொண்டு நிக்கினம். உம்மட பயிற்சியில ஆளுக்கொரு பாய், ஆளுக்கொரு மூச்சு. களைக்காமல் என்ன செய்யும்?

பயிற்றுநர்: (எழுதிக்கொண்டு) இதை நான் அறிக்கையில போடலாமோ?

அண்ணாவியார்: போடும். இதையும் போடும். கோவலன் கூத்துக் கொப்பி இடம்பெயரேக்க மண்ணோட போட்டுது. திரும்பி வந்து இருந்து எழுதப் பாத்தன், ஒரு வரி வரேல்லை. மத்தளக்காரனைக் கூப்பிட்டு எழும்பி மிதிச்சன். கால் திரும்புற இடத்தில பாட்டு வந்தது. நான் மிதிக்க மிதிக்க மகள் எழுதினாள். இருந்தா மறந்துபோகும். அரைவாசிக் கொப்பி அப்பிடித்தான் வந்தது.

பயிற்றுநர்: ஐயா, இதுக்குக் கனடாவில சான்றிதழ்ப் படிப்பே இருக்கு. கட்டணம் கேட்டா மயங்கிப்போவியள்.

அண்ணாவியார்: மயங்கினா வெள்ளைத் துணி போர்க்காதையும்.

(சிரிப்பு அடங்கியபின் அண்ணாவியார் வரவுப் பாட்டின் முதல் அடியை எடுத்தார். எடுக்குமுன் நாடி மேலே எழும்பியது, பிடரி சட்டைக் கொலரில் முட்டியது, வாயால் ஒரு முழு மூச்சை உறிஞ்சினார். குரல் கரகரத்து வந்தது. பயிற்றுநர் அந்தப் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.)

பயிற்றுநர்: சாமத்தில உங்கட குரல் அடைக்கிறதோ?

அண்ணாவியார்: அடைக்கும். தேனும் மிளகும் குடிப்பன்.

பயிற்றுநர்: 1869இல தஸ்மேனியாவில பிறந்த அலெக்சாண்டர் எண்ட நடிகருக்கும் இதே வருத்தம். மேடையில குரல் போகும். வைத்தியர் பேசாமல் ஓய்வெடும் எண்டார். ஓய்வெடுத்தா சரி, மேடையேறினா திரும்ப அடைப்பு. கண்ணாடிக்கு முன்னால நிண்டு தன்னையே கவனிச்சார். வசனம் தொடங்கேக்க தலை பின்னால போகுது, தொண்டை நெரியுது, மூச்சை உறிஞ்சுறார். நீங்கள் இப்ப செய்த மாதிரித்தான். பிடரியில ரெண்டு விரல் வைக்கலாமோ?

(வைத்தாள். "பாட வேண்டாம், பாடப்போறன் எண்டு மட்டும் நினையுங்கோ." நினைத்த உடனே தலை பின்னால் போகப் பார்த்தது. "விடுங்கோ." நாலைந்து தரம் இப்படி. பிறகு பாடச் சொன்னாள். குரல் மண்டபத்தைக் கடந்து வீதிக்குப் போனது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று உள்ளே பார்த்தார்.)

அண்ணாவியார்: உதைத்தான் அப்பரும் சொன்னவர். தலையை எறியாத எண்டு.

பயிற்றுநர்: பிறகேன் எறிஞ்சனீங்கள்?

அண்ணாவியார்: அப்பர் சொன்னபடியால்.

பயிற்றுநர்: அப்ப இப்பிடிச் செய்வமோ? மிச்சம் ரெண்டு நாளும் பாய் வேண்டாம், மத்தளம். 1960களில பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளையளை வைச்சு விடிய விடிய ஆடுற கூத்தைச் சுருக்கி மேடையேத்தினவர்தானே.

அண்ணாவியார்: அவர் கூத்தைச் சுருக்கினவர். பழக்கத்தையும் ரெண்டு நாளாச் சுருக்கினவரெண்டு நான் கேள்விப்படேல்லை.

பயிற்றுநர்: திட்டம் 3 நாளுக்குத்தான் ஐயா. படிவத்தில ஒரு அமர்வு எண்டா ரெண்டு மணித்தியாலம்.

அண்ணாவியார்: அப்ப இரவு பத்துக்குத் தொடங்கி விடிய ஆறுக்கு முடிஞ்சா நாலு அமர்வு. நாலு தேத்தண்ணி, நாலு கடி. போட்டுக்கொள்ளும்.

பயிற்றுநர்: சாமத்துக்குப் பிறகு சிற்றுண்டிக்கு வவுச்சர் பாஸாகாது. இன்னொண்டு. பயனாளியளில அரைவாசி பெண்கள் எண்டு காட்டவேணும். உங்கட கூத்தில எத்தினை பொம்பிளையள்?

அண்ணாவியார்: கண்ணகி, மாதவி...

பயிற்றுநர்: பாத்திரத்தைக் கேக்கேல்லை. ஆடுறவையை.

அண்ணாவியார்: (திறப்புக் கோர்வையை ஒவ்வொன்றாக எண்ணினார்.) காலங்காலமா ஆம்பிளையள்தான்.

பயிற்றுநர்: உலகத்துக்கே மூச்சைக் காட்டின கூத்து எண்டியள். அந்தச் செல் துண்டு அம்மா எங்க நிக்கிறது?

அண்ணாவியார்: பாக்கிற பக்கம். முன்வரிசையில பாய் போட்டுக் குடுப்பம்.

பயிற்றுநர்: நானும் அதைத்தானே குடுத்தனான், எழும்பிப் போட்டா. பிற்பாட்டில விடலாமே? கால் தேவையில்லை, இருந்த இடத்தில மூச்சுக் குடுக்கலாம்.

அண்ணாவியார்: ...அவ ஒப்பாரி சொன்னா ஊர் நிக்கும். குரல் இருக்கு. யோசிப்பம்.

பயிற்றுநர்: கண்ணகிக்கு இந்த முறை ஆர்?

அண்ணாவியார்: சங்கக்கடை மனேச்சர். நல்ல மிதி. மீசையை எடும் எண்டு ரெண்டு மாசமாக் கேக்கிறன், மாட்டனெண்டு நிக்கிறார்.

பயிற்றுநர்: எனக்கு மீசை இல்லை ஐயா.

அண்ணாவியார்: மூச்சும் இல்லை.

பயிற்றுநர்: அதுக்குப் பிற்பாட்டு இருக்கெண்டு இப்பதானே சொன்னியள். சரி, படிவத்தில என்ர பேரை எந்த நிரலில போடுறது? பயிற்றுநரிலயோ, பயனாளியிலயோ?

அண்ணாவியார்: பென்சிலால போட்டு வையும். விடிய மட்டும் நிக்கிறீரோ எண்டு பாத்துச் சொல்லுறன்.